கை கழுவியவன் கணக்கு

பாலஸ்தீனத்துக்காகக் கொடி பிடிக்கிற தோழர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இயேசுவையே கொன்ன கூட்டமாச்சே, வேற எப்படி இருப்பானுங்க?" இஸ்ரேல் அரசை எதிர்க்க ஆயிரம் நியாயம் இருக்கிறது. இது அதில் சேராது. இது பூசைப் பிரசங்கத்தில் கேட்ட பழைய பொய்.

சிலுவை யாருடைய ஆயுதம்? ரோமாபுரிக்காரனுடையது. அடிமைக்கும் கலகக்காரனுக்கும் என்றே வைத்திருந்தான். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைகள் தோற்றபோது கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6000 பேரைத் தொங்கவிட்டான். கி.மு. 4இல் ஏரோது செத்தபின் எழுந்த கலகத்தில் வாருஸ் என்ற ஆளுநன் 2000 யூதர்களை அறைந்தான். இயேசுவின் தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றம் என்ன? யூதரின் அரசன் என்பது. தெய்வ நிந்தனை இல்லை, ராஜத்துரோகம்.

பிலாத்து மனசில்லாமல் கையெழுத்துப் போட்டானாம், தண்ணி கொண்டாரச் சொல்லிக் கை கழுவினானாம். கை கழுவிய கதை மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது. அவன் காலத்திலேயே வாழ்ந்த பிலோ, அவன் லஞ்சத்தையும் விசாரணையில்லாக் கொலைகளையும் எழுதி வைத்திருக்கிறார். கெரிசீம் மலைக்குப் போன சமாரியரை வெட்டிச் சாய்த்ததற்குத்தான் கி.பி. 36இல் அவன் பதவி போனது. இவன் ஒரு தச்சனைக் கொல்லத் தயங்கினான் என்று நாம் நம்ப வேண்டும்!

அப்போ கயபாவுக்குப் பங்கில்லையா? உண்டு. ஆனால் அந்தத் தலைமைக் குருவை நியமித்தவன் ரோமானிய ஆளுநன், நீக்கியவனும் ரோமானியன்தான். குரு உடுத்தும் திருவுடையைக்கூடக் கோட்டையில் பூட்டி வைத்திருந்தது ரோமானியக் காவல். பண்ணையாருக்குக் கணக்குப்பிள்ளை மாதிரி. கணக்குப்பிள்ளை காட்டிக்கொடுத்தான் என்று சேரியைக் கொளுத்துவார்களா? கொளுத்தினார்கள். 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்கள் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களைத்தான் முதலில் வெட்டினார்கள். செத்தவனும் யூதன், அவன் அம்மாவும் யூதச்சி, பின்னால் வந்த மீன்காரர்களும் யூதர்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அன்றைய யூதர் எல்லோர் மேலும் இன்றைய யூதர் மேலும் இந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கம் சொன்னது 1965இல். அதற்குள் ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்களைக் கொன்று முடித்திருந்தார்கள். நாஜிக்கு இனவெறி இருந்தது, சரி. அந்த மண்ணை உழுது வைத்தது யார்?

விசுவாசப் பிரமாணத்தை எடுத்துப் பாருங்கள். மரியாளை விட்டால் அதில் வருகிற மனுசப் பேர் பிலாத்து ஒன்றுதான். கயபா இல்லை, யூதர் என்ற சொல்லே இல்லை. ஞாயிறு தவறாமல் அதைச் சொல்கிற வாய்தான், பெரிய வெள்ளியன்று கூட்டத்தின் கூச்சலையும் வாசிக்கிறது. எங்க சனங்களுக்குக் கொடுக்கிற பங்கு அந்தக் கூச்சல்தான். போன வருசம் என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற கிழவி முழங்கையால் இடித்தாள்.