பழைய கேம் பெட்டியைத் தூக்கிப் போடுமுன்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு பஞ்சாயத்து. தங்கை மகள் வழிப் பேரன் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறான். வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் 4 "செத்துப் போச்சு தாத்தா" என்கிறான். ஆன் ஆகிறது, படம் வருகிறது, விளையாடவும் முடிகிறது. ஆனாலும் செத்துப் போச்சாம். "பிசி எல்லாம் இப்ப எங்கேயோ போயிடுச்சு" என்று காரணம் சொல்கிறான். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வேண்டும், தவணையில் வாங்கித் தரவேண்டும் என்பது கோரிக்கை. மாப்பிள்ளை என்னை நடுவராக இழுத்து விட்டுவிட்டார்.

தீர்ப்பைக் குழுவில் சொல்லிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே வழக்கு நடப்பது எனக்குத் தெரியும்.

சந்தைக்குப் புதுக் கார்டு வந்துவிட்டது என்பதால் வீட்டில் இருக்கும் கன்சோல் கிழடாகிவிடாது. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாடத்திட்டம் மாறிய முதல் வருடம் எந்த ஆசிரியரும் தடுமாறித்தான் நடத்துவார். அதே புத்தகத்தை ஐந்தாவது வருடம் நடத்தும்போது, எந்த இடத்தில் பிள்ளைகள் முழிப்பார்கள், எங்கே ஒரு கதை சொன்னால் மனதில் நிற்கும் என்பதெல்லாம் அத்துப்படி ஆகியிருக்கும். கன்சோல் என்பது ஏழெட்டு வருடம் மாறாத பாடப்புத்தகம். கேம் செய்கிறவர்கள் அதற்குள் புகுந்து புகுந்து படிக்கிறார்கள்.

90களில் என்னிடம் படித்தவர்களுக்கு டிவியில் மாட்டி விளையாடிய கேசட் கேம் ஞாபகம் இருக்கும். லீவு நாளில் தெருவே ஒரு வீட்டில் கூடியிருக்கும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் நிண்டெண்டோ 1983ல் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற கன்சோலின் நகல்கள். அதன் வேலை நினைவகம் 2 கேபி. 1985ல் வந்த சூப்பர் மாரியோ கேம் முழுவதுமே 40 கேபி. இன்று காலை நம் சித்தப்பாமார்கள் அனுப்பிய குட்மார்னிங் படம் ஒவ்வொன்றும் அதைவிடப் பெரியது! இடம் பற்றாமல் என்ன செய்தார்கள் தெரியுமா? வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். எத்தனை பேர் கவனித்தீர்கள்? 1988ல் அதே பெட்டிக்கு மூன்றாவது மாரியோ வந்தபோது, இதுவா அது என்று கேட்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கேசட்டுக்குள் கூடுதலாக ஒரு சிப் வைத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் டிவிக்கு அடியில் இருந்த பெட்டி அதேதான்.

2006ல் பிளேஸ்டேஷன் 3 வந்தது. அதன் மொத்த நினைவகம், இரண்டு பங்காகப் பிரித்து, 512 எம்பி. 8 ஜிபி ரேம் உள்ள போன் உங்கள் கையில் இருந்தால் அதில் இருப்பது 16 மடங்கு. அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதுவது பெரிய தலைவலி என்று செய்தவர்களே புலம்பினார்கள். ஏழு வருடம் கழித்து, 2013ல், "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" அதே பெட்டியில் வந்தது. "ஜிடிஏ 5" வந்ததும் அந்த வருடம்தான். ஒரு முழு நகரத்தையும் மலையையும் கடலையும் 512 எம்பிக்குள் ஓட்டிக் காட்டினார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். 2007ல் கம்ப்யூட்டருக்கு "கிரைசிஸ்" என்று ஒரு கேம் வந்தது. அன்றைய விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களே அதை முழு அழகோடு ஓட்டத் திணறின. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவனிடம் "இதில் கிரைசிஸ் ஓடுமா?" என்று கேட்பது உலகம் முழுக்க ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிப்போனது. அதே கிரைசிஸ் 2011ல் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் வந்தது. இரண்டுமே அந்த கேமுக்கு முன்னால் பிறந்த பெட்டிகள். காட்சிகளில் நுணுக்கத்தைக் குறைத்தார்கள், ஒரு கட்டத்தை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஓடியது.

எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்று பேரன் சொன்னான். உண்மைதான். 2020 டிசம்பரில் "சைபர்பங்க் 2077" வந்தபோது பிளேஸ்டேஷன் 4ல் அது படாத பாடு பட்டது. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பி வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்தால் பிள்ளையையா குறை சொல்வது? இரண்டு வருடம் கழித்து 2022 நவம்பரில் "காட் ஆஃப் வார் ரக்னராக்" அதே பிளேஸ்டேஷன் 4ல் வந்து ஓடத்தானே செய்தது? 2013ல் பிறந்த பெட்டி அது.

இனி கம்ப்யூட்டர் பக்கம். 2025 ஜனவரியில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கார்டைத்தான் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டாலர். நம் நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல். பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021ல் 49,990 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையில் நான்கு பெட்டி வாங்கும் பணம் ஒரு கார்டுக்கு மட்டும் போகிறது. மின்சாரம் 575 வாட் வரை இழுக்கும். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் ஏழெட்டு சேர்ந்து ஓடுகிற கணக்கு.

இதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? ஸ்டீம் என்ற கேம் கடை, தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டரில் என்ன கார்டு இருக்கிறது என்று மாதாமாதம் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அதில் பல வருடம் முதல் இடத்தில் இருந்தது 2016ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்ற நடுத்தரக் கார்டு. 2022 வரையிலும் அதுதான் முன்னால் நின்றது. ஆக, கம்ப்யூட்டரில் விளையாடுகிற கூட்டத்திலும் பெரும்பாலோர் பழைய சாமானோடுதான் குடும்பம் நடத்துகிறார்கள். பேரன் ஒப்பிடுவது தன் வீட்டுப் பெட்டியையும் யூடியூப்காரன் மேசையையும்.

கன்சோல் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. முன்பெல்லாம் கன்சோலுக்கு வயது ஏற ஏற விலை இறங்கும். 2000ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009ல் 99 டாலர். பிளேஸ்டேஷன் 5 இங்கே வந்து இரண்டு வருடம் ஆகுமுன்பே 54,990 ஆக ஏறியது. என்ன நியாயம் இது? அதைவிடப் பெரிய குறை, கடையை மூடுவது. நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளிலும் 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். டிஸ்க்கில் வராமல் அங்கே மட்டும் விற்ற கேம்களை இனி அந்தப் பெட்டிக்குப் புதிதாக வாங்கவே முடியாது. கன்சோலுக்கு உண்மையான முதுமை அன்றுதான் வருகிறது. கம்ப்யூட்டரில் இந்தச் சங்கடம் குறைவு. இருபது வருடத்துக்கு முந்தைய கேமையும் பலர் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, தீர்ப்பு. பிளேஸ்டேஷன் 4 வீட்டிலேயே இருக்கும். உள்ளே தூசி தட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால், கேம் திறக்கக் காத்திருக்கும் நேரம் குறையும். சோனியே அந்த டிஸ்க்கை மாற்றும்படிதான் வடிவமைத்திருக்கிறது. செலவு சில ஆயிரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருப்பதால் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் அவசியம்தான். சாதாரணமானது போதும், தவணை வேண்டாம். ஆனால் பவர் சப்ளையை மட்டும் நல்லதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூ முடிந்து, அவனுக்கு அப்போதும் ஆசை இருந்தால், ஒரு நடுத்தரக் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரின் பெரிய வசதியே இப்படித் துண்டு துண்டாக வளர்க்கலாம் என்பதுதானே. பேரன் இரண்டு நாள் பேசவில்லை. நேற்று எஸ்எஸ்டி விலைப் பட்டியல் அனுப்பியிருக்கிறான்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள், தூசி தட்டும்போது கவனிக்க வேண்டியதைக் கமெண்டில் எழுதுங்கள். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் யாரிடமாவது சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மே மாதம் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள்.