உலோகத்தின் களைப்புக்குக் கணக்கு உண்டு, மனிதனின் களைப்புக்கு?

விமானத்தில் ஏதாவது கோளாறு என்று செய்தி வந்தால், பின்னாலேயே இரண்டு சொற்கள் வந்துவிடும்: ‘மனிதத் தவறு’. படிக்கிற நமக்கும் ஒரு நிம்மதி. எவனோ ஒருவன் கவனக்குறைவாக இருந்தான், விஷயம் முடிந்தது. 30 வருஷத்துக்கு மேல் சர்க்கார் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கோப்பை மூட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் தலையில் கட்டிவிட்டால், மேலே இருப்பவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

1990 ஜூன் 10-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 17,000 அடி உயரத்தைத் தாண்டியதும் விமானியின் முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானி டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். சிப்பந்திகள் அவருடைய காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி அலஸ்டர் ஆட்சிசன் விமானத்தைச் சௌத்தாம்ப்டனில் இறக்கினார். விமானி உட்பட எல்லோரும் பிழைத்தது தெய்வாதீனம்.

காரணம் என்ன? புறப்படுவதற்கு 27 மணி நேரம் முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் மெலிந்தவை. மீதி 6 நீளம் போதாதவை. மாட்டியவர் அனுபவம் மிக்க ஷிப்டு மேலாளர்.

சரி, தவறு அவருடையதுதான். ஆனால் மற்றதையும் சேர்த்துப் படியுங்கள். வேலை நடந்தது விடியற்காலை 3 மணிக்கு மேல். அன்றைய ராத்திரி ஷிப்டில் ஆள் பற்றாக்குறை, அதனால் மேலாளரே வேலையில் இறங்கினார். போல்ட் எடுத்த இடத்தில் வெளிச்சம் போதாது. பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துப் புதியதை எடுத்தார். அந்தப் பழைய போல்ட்டுகளே சரியானவை அல்ல. மாட்டி முடித்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்தக் கண்ணாடிக்கு இல்லை. இத்தனையையும் ஒருவர் செய்து வைத்தாரா என்ன?

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் மனிதனின் களைப்புக்கும் உலோகத்தின் களைப்புக்கும் ஒரே சொல்தான்: ‘ஃபத்திக்’. 1954-இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தபோது, காரணம் உலோகத்தின் களைப்பு என்று கண்டுபிடித்தார்கள். இன்று ஒவ்வொரு விமானமும் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு எழுதுகிறார்கள். இத்தனை தடவைக்கு மேல் இந்தப் பாகம் பறக்கக் கூடாது என்று வரம்பும் கட்டுகிறார்கள். விரிசல் விட்ட தகட்டைப் பார்த்து ‘இது கவனக்குறைவான தகடு’ என்று யாரும் திட்டுவதில்லை.

அதே விமானத்தைப் பழுது பார்க்கிறவனுக்கு என்ன கணக்கு? அமெரிக்காவில் பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானிக்கு, பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு என்று சட்டமே இருக்கிறது. பராமரிப்பு ஊழியருக்கோ 7 நாளில் 24 மணி நேரம் விடுப்பு, அல்லது அதற்கு ஈடானதை ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். விடுப்பையெல்லாம் மாதக் கடைசியில் தள்ளிவிட்டு 26 நாள் தொடர்ந்து வேலை வாங்கினாலும் அந்த விதி மீறப்படவில்லை! ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

‘கோயில் திருவிழாவில் விடிய விடிய முழித்திருக்கிறோமே, வேலை என்றால் மட்டும் தூக்கம் வருமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவில் கண் சொக்கினால் சாமி கோபித்துக்கொள்ளாது. போல்ட் அப்படியல்ல. களைத்தவனுக்குத் தான் களைத்திருப்பது தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. குடித்தவன் ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்வதைப் போலத்தான். ஆகவே ‘கவனமாக இரு’ என்று சுவரில் எழுதி ஒட்டுவது வைத்தியம் ஆகாது.

பகலில் பறந்தால்தான் விமானம் சம்பாதிக்கும், அதனால் ராத்திரியில்தான் பழுது பார்க்க முடியும் என்பது புரிகிறது. அப்படியானால் அந்த ராத்திரிக்கு உரிய ஆளைப் போடுங்கள். வேலை நேரத்துக்கு வரம்பு கட்டுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்கட்டும். ‘இன்று என்னால் முடியவில்லை’ என்று சொல்கிறவனுக்கு மெமோ கொடுக்காதீர்கள். இதெல்லாம் செலவுதான். பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகும் நாம் டிக்கெட்டில் நூறு ரூபாய் குறையுமா என்றுதான் பார்க்கிறோம். அந்த நூறு ரூபாய் யாருடைய தூக்கத்திலிருந்து வருகிறது என்று நாமும் கேட்க வேண்டும்.

இனி ‘மனிதத் தவறு’ என்று எந்த அறிக்கையாவது சொன்னால், அந்த மனிதன் கடைசியாக எப்போது தூங்கினான், அவனுக்கு அந்த ஷிப்டைப் போட்டது யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதட்டும். அதுவரை கோப்பை மூடக் கூடாது.