மனனம் செய்ய அன்று, செய்து பார்க்கச் சார்பு

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கி விற்றோர் எல்லோருக்கும் ஒரு கணக்குத் தெரியும். தோட்டக் காணியானால் 16 பரப்பு ஓர் ஏக்கர்; வயற் காணியானால் 24 பரப்பு ஓர் ஏக்கர். கணினிச் செய்நிரல் எழுதப் பழகும் பிள்ளைக்குச் ‘சார்பு’ என்பதை விளக்க இதனினும் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை. தமிழகப் பாடநூல்கள் ‘செயற்கூறு’ என்று கூறுவதும் இதைத்தான்.

நமது உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைத்தன் மொழி இடம்பெறுகிறது. கலைப்பிரிவு மாணவரும் தெரிவு செய்யக்கூடிய பாடம் அது. ஆயினும் சார்பின் வரைவிலக்கணத்தைப் பிசகின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகளிற் பலர், தாமாக ஒன்றை எழுதி அழைத்துக் காட்டச் சொன்னால் திகைக்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களையே சுற்றிவரும் ரியூசன் பழக்கத்தின் விளைவு இது என்பது என் கருத்து.

செய்நிரலில் பத்து இடங்களில் ‘16 ஆல் வகு’ என்று எழுதிவைத்த மாணவனிடம் ஒரு வயலின் உறுதியைக் கொடுங்கள். பத்து இடங்களையும் அவன் தேடித் திருத்தவேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் கணக்குப் பிழைக்கும். பரப்பையும் வகுக்கும் எண்ணையும் உள்ளீடாகப் பெறும் ஒரு சார்பை எழுதியிருந்தால், அழைக்கும்போது 24 என்று கொடுத்தாற் போதும். சார்பு ஏன் வேண்டும் என்பதை அவன் கையே அவனுக்குச் சொல்லிவிடும்.

அடுத்த இடறல், விடையைத் திரையிற் காட்டுவதும் திருப்பித் தருவதும் ஒன்றென எண்ணுவது. 8 பரப்புத் தோட்டம் அரை ஏக்கர். 12 பரப்பு வயலும் அரை ஏக்கர். சார்பு இவ்விடைகளைத் திரையில் அச்சிடுவதோடு நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் கூட்டி ஓர் ஏக்கர் என்று பெற முடியாது. கூட்டுவதற்கு எதுவும் கைக்கு வரவில்லை. திருப்பித் தந்தால்தான் அடுத்த கணக்கு நடக்கும்.

ஆங்கிலம் போதாமையே தடை என்பாருமுளர். நான் உடன்படேன். பைத்தனின் கட்டளைச் சொற்கள் சில பத்துகளே, விளங்கவேண்டியது கருத்து. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் திரையிற் காட்டுவதற்குப் ‘பதிப்பி’ என்றும், திருப்பித் தருவதற்குப் ‘பின்கொடு’ என்றும் கட்டளைகள் உள்ளன. மேற்சொன்ன வேறுபாடு முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகிறது. எழிலில் விளங்கிக்கொண்டு பைத்தனில் எழுதட்டுமே! 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அந்த மண்ணில் சார்பைத் தமிழில் விளக்குவது அரிய காரியமா?

1949 இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்குத் துணைநிரல்களின் தொகுப்பொன்றை டேவிட் வீலரும் அவர்தம் சகாக்களும் உருவாக்கினர். ஒருமுறை சரியாகச் செய்த வேலையை மீளவும் செய்யாதிருப்பதே அதன் நோக்கம். பரீட்சைக்காகப் பிறந்ததன்று சார்பு.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வரைவிலக்கணத்தைக் கடைசியிற் சொல்லுங்கள். முதலில் பிள்ளையின் வீட்டுக் காணிக் கணக்கைச் செய்நிரலாக்கச் சொல்லுங்கள். பின்னர் காணியை மாற்றிக் கொடுங்கள். எத்தனை இடங்களில் திருத்துகிறான் என்று பாருங்கள். ஓரிடத்திலும் திருத்தாமல், அழைக்கும்போது எண்ணை மட்டும் மாற்றுபவன் சார்பைக் கற்றுவிட்டான்.