அரண்மனைக் காரும் அடுத்த வீட்டுக் காரும்

பாட்டியின் பித்தளை அண்டாவைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுப் பிற்பாடு ஏங்கியதுண்டா நீங்கள்? ஈரானில் அரண்மனையிலேயே அது நடந்தது!

முகம்மது ரேசா பஹ்லவி பட்டத்து இளவரசராயிருந்தபோது, 1939-ல், அவர் கல்யாணத்துக்குப் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு புகாட்டி கார் பரிசளித்தது. அவர் ஷாவான பிறகு, 1959-ல், சுமார் 275 டாலருக்கு அதைத் தள்ளிவிட்டார்கள். (எந்தப் புத்திசாலியின் யோசனையோ!) இன்று அது அமெரிக்காவில், ஒரு மியூசியத்தில் மினுக்குகிறது.

மிஞ்சிய அரச வண்டிகள் பலவற்றை ஈரானிலேயே மியூசியத்தில் பார்க்கலாம். ஆனால் ஈரானியருக்கு நெஞ்சு இளகுவது 'பெய்க்கான்' காரைக் கண்டால்தான். பெய்க்கான் என்றால் அம்பு. பிரிட்டனின் ஹில்மன் ஹண்டரைப் பார்த்துச் செய்த வண்டி, பிறந்தது 1967-ல். டாக்ஸியும் அதுதான், மாப்பிள்ளை பெண் ஊர்வலமும் அதில்தான். பெட்ரோலை மடமடவென்று குடிக்கும், புகையைக் கக்கும். அப்படியும் 2005 வரை கார் உற்பத்தி நடந்தது! இன்று பழைய கார் பிரியர்கள் அதைத் தேடிப் பிடித்து, துடைத்து, மெருகேற்றி, கூட்டம் கூடி ஓட்டி மகிழ்கிறார்கள்.

1974-ல் ஷா, ருமேனியத் தலைவர் சௌஷெஸ்குவுக்கு ஒரு பெய்க்கானைப் பரிசளித்தார். 2021-ல் புகாரெஸ்ட் நகரில் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை, 95,000 யூரோ!