நாய்க்கும் பெயர் உண்டு

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அவ்வளவுதான். யார் அந்த 14 பேர், யார் பெற்ற பிள்ளைகள்? ஒரு வார்த்தை கிடையாது. இதே வாசகத்தோடு பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் கல் பதித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் எண் மட்டும் மாறும்.

இதை நினைவுச்சின்னம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது ரசீது. இத்தனை உருப்படி எடுத்தோம், இத்தனை திரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்த ரசீது.

"அந்தக் காலத்துல அப்படித்தான் சார்" என்பார்கள். எந்தக் காலத்தில்? செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. கூடவே நின்று இரண்டு திருடர்களைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். நாய்க்குப் பெயர் வெட்டிய மண்ணில், 1300 வருஷம் கழித்து மனுஷனுக்கு எண் வெட்டியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனுக்கும் எண்தானா? இல்லை. 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கையே, பதவி, இனம், மதம் பார்க்காமல் செத்த ஒவ்வொருவர் பெயரையும் பொறிப்பது. ஆனால் பஸ்ராவில் கட்டிய நினைவிடத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எண்ணிக்கைதான். 2021இல் ஆணையமே இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்க் கல்லைப் பற்றி நாம் இன்னும் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஆட்சேபம் எனக்குத் தெரியும். "வெள்ளைக்காரனிடம் கூலி வாங்கிச் சண்டை போட்டவனுக்கு எதுக்குங்க சிலை?" இதை வேலூரில் நின்றுகொண்டு கேட்பதுதான் வேடிக்கை. 1806 புரட்சிச் சிப்பாய்களுக்கு அதே ஊரில் தூண் வைத்துக் கொண்டாடுகிறோம். சரிதான், கொண்டாட வேண்டியவர்கள்தான். ஆனால் ஜூலை 10 விடிகிறவரை அவர்களும் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர்களே. பசிக்கும் கடனுக்கும் பட்டாளத்தில் சேர்ந்தவனை, கலகம் செய்தால் வீரன், செத்துப்போனால் கூலி என்று பிரிப்பது என்ன நியாயம்?

அந்தப் போரைப் புகழச் சொல்லவில்லை. சாம்ராஜ்யங்கள் மோதிக்கொண்ட சண்டை அது, நமக்கு அதில் ஒன்றுமில்லை. 'உயிரைக் கொடுத்தார்கள்' என்ற வார்த்தையையே நான் ஏற்கவில்லை. கொடுத்தார்களா, வாங்கிக்கொண்டார்களா? அதனால்தான் பெயர் வேண்டும் என்கிறேன். எண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

தேடுவது நடக்காத காரியமும் இல்லை. ஆணையத்தின் பதிவேடுகள் இன்று இணையத்திலேயே இருக்கின்றன. இறந்த இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், ஜில்லா வரை குறித்திருக்கிறார்கள். வட ஆற்காடு என்று தேடி உட்கார ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை போதும். பழைய கல்லைப் பெயர்க்க வேண்டாம், அது சாட்சி. பக்கத்தில் தமிழில் இன்னொரு கல் வையுங்கள். முதலில் அந்த 14 பெயர்கள். திரும்பி வந்த 263 பேரை அடுத்துத் தேடுவோம்.