பழைய கைவிளக்கும் கிடைக்காத குழலும்

நம் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்கும் பொருள்களில் ஒன்று, பேட்டரியில் எரியும் டியூப் லைட் கைவிளக்கு. எமர்ஜென்சி விளக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். பெட்டி நன்றாக இருக்கும். கைப்பிடி உறுதியாக இருக்கும். பேட்டரியும் மாற்றிக் கொள்ளலாம். குழல் மட்டும் கேட்ட கடையில் கிடைப்பதில்லை.

உப்பளத்தில் மொத்த வியாபாரம் செய்துவரும் எங்களைப் போன்றோர் இவ்விளக்கின் அருமையை அறிவோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபின் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும் ஊர் இருளில்தான் கிடந்தது. அந்நேரத்தில் மூட்டைகளை மேடேற்றவும் சிப்பம் எண்ணவும் மெழுகுவத்தி உதவாது. எண்ணெயும் சாக்கும் உள்ள இடத்தில் அது ஆபத்தும்கூட.

குழல் தேடுவோர் முதலில் அளவை அறிய வேண்டும். இவ்விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 16 மி.மீ. பருமனுள்ள சிறு குழல். ஆறு அங்குலம் என்றால் 4 வாட், ஒன்பது என்றால் 6, பன்னிரண்டு என்றால் 8. வளைந்த குழலானால் அடியில் இரண்டு ஊசியா, நான்கா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பழைய குழலைக் கையோடு கொண்டு போவதே நல்லது. இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். முனை கறுத்திருந்தால் குழலின் ஆயுள் முடிந்தது. கறுக்காமல் மங்கி எரிந்தால் பேட்டரியைச் சோதித்த பிறகே காசைச் செலவழியுங்கள்.

ஆயினும் இத்தேடல் நெடுநாள் நடவாது. இக்குழல்களில் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதென 2023இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு தீர்மானித்தது. எனவே குழல்களை வாங்கிப் பதுக்குவதில் பயனில்லை. விளக்கைக் குப்பையில் எறியவும் வேண்டாம். குழலையும் அதை எரியவைக்கும் சர்க்யூட்டையும் எடுத்துவிட்டு, பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற எல்.இ.டி. பட்டையைப் பொருத்தித் தர விவரமறிந்த மெக்கானிக்கால் முடியும். வீட்டுக்குரிய 230 வோல்ட் எல்.இ.டி. குழலை அப்படியே மாட்டினால் பயன்படாது.

மளிகைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. திறந்த அரிசி, பருப்பு மூட்டைக்கு மேலே இக்குழலைத் தொங்கவிடாதீர்கள். உடைந்தால் கதவு சன்னல்களைத் திறந்து கால்மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் போடாமல் கெட்டி அட்டையால் வாரி எடுத்து மூடி வையுங்கள். சில்லு விழுந்த சரக்கை விற்கக் கூடாது. நஷ்டம் ஒரு மூட்டையோடு போகட்டும். வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால் திரும்பாது.

செத்த குழல்களைத் தெருக்குப்பையில் போடுவதும் தவறு. அவை மின்னணுக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. நம் சங்கம் ஓர் இடத்தில் பெட்டி வைத்து, அங்கத்தினர்களிடமிருந்து அவற்றைத் திரட்டி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மின்பொருள் விற்கும் அங்கத்தினர்களும் கொள்முதலின்போதே உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். விற்ற பொருளுக்கு உதிரி கொடுக்க முடியாத வியாபாரம் பாதி வியாபாரமே.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் நம் விளக்குகளை ஒருமுறை எரித்துப் பார்ப்போம்.