கண்ணாடிக் கடலில் மறைவும் வண்ணமும்

அழகற்றதைக் கண்ணுக்கு மறைத்தல் மக்களின் இயல்பு. செங்கல்லின் மேல் சுண்ணம் பூசுகின்றோம். அடுக்களைப் புகை கூடத்திற்கு வாராவண்ணம் சுவரெழுப்புகின்றோம். சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டு மீன் காட்சிசாலை திறக்கப்பட்ட காலந்தொட்டே, கடலைக் கண்ணாடிக்குள் வைத்துக் காணும் ஆவல் நம்மவரிடையே இருந்து வருகின்றது. இன்று இல்லங்களிலும் பவளப்பாறை போன்ற அமைப்புடைய கடல்நீர்த் தொட்டிகள் இடம்பெறுகின்றன. அவற்றுள் அமைந்த பம்பு, குழாய், மின்கம்பி முதலியன காட்சியைக் கெடுப்பதால், அவற்றை மறைக்க விரும்புவது இயற்கையே. மறைத்தல் தகுமா என்பதன்று நாம் எழுப்பும் வினா. எவ்வாறு மறைப்பது தகும் என்பதே.

வேலூருக்குத் தெற்கே சவ்வாது மலைச்சாரலில் உள்ள அமிர்திக்குச் சென்றிருந்தபொழுது, அவ்வூரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் இல்லத்தில் நாம் ஒருநாள் தங்கினோம். அவர் தோலுக்குச் சாயமேற்றும் தொழிலிற் பல்லாண்டு பழகியவர். வண்ணத்தைப் பற்றி அவருக்கு நாம் சொல்லத்தக்கது யாதுமில்லை. அத்தகையவர், தம் தொட்டியிலிருந்த வெண்ணிறப் பம்பு கண்ணை உறுத்துகின்றதென்று, கடையில் விற்கும் தெளிப்பு வண்ணத்தால் அதற்குக் கருநிறம் ஊட்டி, உலர்ந்ததென்று எண்ணி நீரிலிட்டார். மூன்றாம் நாட் காலையில் இறால்கள் யாவும் மடிந்து கிடந்தன. "கையில் ஒட்டவில்லை, ஐயா, ஆகையால் உலர்ந்துவிட்டது என்றே நம்பினேன்" என்று அவர் வருந்திக் கூறியது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கைக்கு உலர்ந்தது நீருக்கு உலர்ந்ததாகாது. வண்ணத்தைக் கரைத்துவைக்கும் திரவங்கள் மேற்புறம் காய்ந்தபின்னும் உள்ளே தங்கிநின்று, சிறிது சிறிதாக வெளிப்படுவன. சில நிறப்பொருள்களில் உலோகங்களும் உண்டு. அவற்றுட் செம்பு, இறால், நண்டு, பவளம் முதலிய முதுகெலும்பில்லா உயிர்களுக்கு மிகச் சிறு அளவிலும் நஞ்சாம். கப்பலின் அடிப்புறத்திற்குச் செம்பு கலந்த வண்ணம் பூசுவது எதற்கு? சிப்பியும் பாசியும் ஒட்டி வாழாதிருத்தற்கே. உயிரை விலக்குதற்கென்று கப்பலுக்குப் பூசுவதை, உயிரை வளர்க்கும் தொட்டியினுள் இடுதல் அறிவுடைமையாகுமா?

மேலும், தொட்டி கடலன்று. கடலில் விழுந்த துளி பரந்து மெலியும். தொட்டியில் விழுந்தது, நாமே நீரை மாற்றும் வரை அங்கேயே நிற்கும். இவ்வுண்மையைப் பாலாற்றங்கரையார்க்குப் பிறர் வந்து போதிக்க வேண்டுவதில்லை. தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இத்தொழில் நிலவும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிருக்குத் தகாததாயிற்று என்னும் மதிப்பீடு எடுத்துக்காட்டப்பட்டது. கண்ணுக்கு மறைந்த நஞ்சு மண்ணுக்கு மறையவில்லை. நாடு கற்ற பாடத்தை நம் வீட்டுத் தொட்டியில் மறக்கலாமோ?

ஆயின் வழி யாது? கருவியை நிறம் மாற்றுவதினும் இடம் மாற்றுதல் நன்று. காட்சித் தொட்டியின் கீழே மரப்பெட்டிக்குள் மற்றொரு தொட்டி அமைத்து, மேலிருந்து வழியும் நீரை அதில் விழச்செய்து, நுரை பிரிக்கும் கருவியையும் பம்பையும் ஆங்கே வைத்தால், மேலே குழாய்வாயன்றி வேறொன்றும் தோன்றாது. பின்புறக் கண்ணாடிக்கு வெளிப்பக்கத்திற் கருவண்ணம் பூசினால், கருநிறக் குழாய்கள் அதனோடு ஒன்றிவிடும். வண்ணமோ நீரைத் தீண்டாது. உள்ளே இருந்தே தீரவேண்டியவற்றை, வாங்கும்பொழுதே கருநிறப் பிளாஸ்டிக்கில் வாங்குதல் தகும். எஞ்சியதைச் சுண்ணாம்புப் பாசி பார்த்துக்கொள்ளும். அப்பாசி நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு, இளஞ்சிவப்பும் ஊதாவுமான ஓட்டினைப் பாறைமேலும் குழாய்மேலும் ஒருங்கே படரச் செய்வது. அமிர்தி ஓடையில் கிடக்கும் கற்களைப் பசும்பாசி போர்த்ததுபோல, அது மெல்ல வந்து மூடும். மாதக்கணக்கிற் காத்திருக்கும் பொறுமையே அதற்கு நாம் தரும் விலை.

கருவிகளைக் கற்குவியலுக்குள் புதைத்தலே எளிதன்றோ எனச் சிலர் கேட்பர். அதனை நாம் ஒப்போம். பம்பு ஓடுகையில் வெப்பத்தை உண்டாக்கும். நீரோட்டம் தடைப்பட்டால் அவ்வெப்பம் மிகும். பவளப்பாறை உயிர்கள் ஏறத்தாழ 25 முதல் 27 பாகை வெப்பத்தில் நலமுற வாழ்வன; நம் வேலூர்க் கோடையோ 40 பாகையைக் கடப்பது. குளிர்விக்கும் கருவிக்குக் காற்று வேண்டும். மரப்பெட்டியை முற்றிலும் அடைத்தல் அதனைத் திணறடித்தலாகும். மின்கம்பியை இணைப்பிற்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் உப்புநீர் வளைவில் சொட்டிவிடும், இணைப்பைச் சென்றடையாது. மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதது. இவற்றையெல்லாம் கைக்கு எட்டாமல் மறைத்தோமாயின், பழுது நேர்ந்த பின்னரே அறிவோம். கண்ணுக்கு மறைக்கலாம், கைக்கு மறைத்தலாகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கருவியை மூடுதற்கென்று மன்னார் வளைகுடாவின் பவளத்தைத் தேடுவார் உண்டு. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுக் காக்கப்படுவன. அவற்றை எடுத்தலும் விற்றலும் குற்றமாம். சுட்ட களிமண்ணாலான பாறைகளும், பண்ணையிற் பிறந்த கோமாளி மீன்களும் நமக்குப் போதாவோ? மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆராய்ச்சியாளர் அம்மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டியுள்ளனர்.

நம் அமிர்தி அன்பர் இப்பொழுது அதே பம்பின் நிறத்தைச் சுரண்டாமல், அதனையே நீக்கிவிட்டுப் புதியதொன்று வைத்திருக்கின்றார். அது வெண்மையாகவே நிற்கின்றது; அதன் ஓரத்தில் நகக்கண் அளவு ஊதாநிறப் பாசி படரத் தொடங்கியுள்ளது. அவர் அதனை வருவார்க்கெல்லாம் காட்டுகின்றார். மாணவ நண்பர்களே, அழகை விரைந்து பூசுவோர் பலர். உயிரோடு வளரவிடுவோர் சிலர். அச்சிலருள் நாமும் சேர்வோமாக.